பூக்குத்தகை

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. இல்ல இல்ல, அந்தச் சன்னலோரத்த எனக்கு விட்டுரு. வாந்தி கீந்தியெல்லாம் வராது, பயப்படாத. எனக்கு மரம் பாக்கணும். நத்தத்துல இருந்து மதுரைக்குப் போற இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் மாந்தோப்புதான? தை மாசம் வேற. பூக்குற நேரத்துல உள்பக்கம் உக்காந்துட்டுப் போனா எனக்குத் தலைய வலிக்கும்.

அந்தா பாரு. அது கல்லாமை. பூவு பாதிதான் வந்திருக்கு, மீதி கொழுந்து ஓடிருச்சு. கொழுந்து ஓடுன மரம் இந்த வருசம் காய்க்காது. ஓசியில குடுத்தாலும் வேண்டாம். அதுக்கு அங்கிட்டு நிக்கிறது செந்தூரம். அது பரவாயில்ல.

நான் தோப்பு குத்தகைக்கு எடுக்குறவ. பேரு வெள்ளையம்மா. எங்க பக்கம் வந்து மாங்கா வெள்ளையம்மான்னு கேட்டா நாயி கூட வழி காட்டும். எனக்குச் சொந்தமா ஒரு மரம் கிடையாது. அடுத்தவுக மரம், அதுல காய்க்கிற காயி மட்டும் என்னது. ஒரு வருசத்துக்கு.

என்னத்தப் பாக்குற, புரியலயா? சொல்றேன். தோப்புக்காரரு மதுரையிலயோ மெட்ராசுலயோ இருப்பாரு. அவருக்கு காவல் இருந்து, மருந்தடிச்சு, பறிச்சு விக்க முடியுமா? எங்கள மாதிரி ஆளுக முன்கூட்டியே ஒரு தொகை குடுத்துருவோம். அப்புறம் காயும் எங்களுது, கஷ்டமும் எங்களுது. அதுல மூணு விதம் இருக்கு. காய் முத்தி நிக்கிறப்பப் பேசுனா கூடுதலு. கண்ணுல பாத்துத்தான வாங்குறோம். வடுவா இருக்கயில பேசுனா அதுல பாதி. பூவுலயே பேசுனா அதுலயும் பாதி. ஏன்னா பூவு இருக்கே, ஒரு கொத்துல ஆயிரம் பூத்தா ஒண்ணு ரெண்டு காயாத் தங்குறதே பெரிசு. பனி விழுந்தாக் கருகும். மழை பேஞ்சா உதிரும். தத்துப்பூச்சி வந்துச்சுன்னா மரத்துக்கு அடியில நின்னாலே சடசடன்னு தூத்தல் விழுற மாதிரி சத்தம் கேக்கும், இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். அதுக்கெல்லாம் தப்பிச்சு வந்தா ஒண்ணுக்கு நாலு. தோப்புக்காரருக்கு நட்டமே கிடையாது. கமிசன் கடைக்காரனுக்கும் கிடையாது. வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறது குத்தகைக்காரி மட்டுந்தான்.

நான் எப்பவும் பூவுலதான் பேசுவேன். தைரியம் வேணும். கண்ணு வேணும்.

எங்க வீட்டு மனுசனுக்கு அந்தக் கண்ணு கிடையாது. அவரு சீட்டாடுன ஆளு. ஆமா தாயி, உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. ஊருக்கே தெரியும். நானே எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன். எங்க மக கோகிலா ரெண்டாவது படிக்கிறப்ப, என் காதுல கிடந்த தோட்டக் கழட்டிக்கிட்டுப் போயி, மில்லுக்குப் பின்னாடி கூடுற கூட்டத்துல வச்சுத் தோத்துட்டு வந்தாரு. நான் விடல. தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டு தெருவுல உக்காந்தேன். அழகர்கோயில் பதினெட்டாம்படிக்கு இழுத்துக்கிட்டுப் போயி, கருப்பன் முன்னாடி சூடத்த அடிச்சு அணைக்கச் சொன்னேன். இனிமே சீட்டத் தொடமாட்டேன்னு அணைச்சாரு. அன்னையில இருந்து தொடல, அதைச் சொல்லணும்ல. மில்லுல வாட்ச்மேன் வேலை. காக்கிச் சட்டை. வேலைக்குப் போவாரு, வருவாரு. அவ்வளவுதான் அந்த மனுசன்.

குடும்பத்தத் தூக்கி நிறுத்தணும்ல? அப்பத்தான் நான் மாங்காய்ல எறங்குனேன். மொதல்ல அஞ்சு மரம். அப்புறம் ஒரு சின்னத் தோப்பு. ஒரு வருசம் வந்துச்சு, ஒரு வருசம் போச்சு. போன வருசம் போனத அடுத்த வருசம் எடுத்துரலாம்னு ஒரு தெம்பு இருக்கும். அதுலதான் வண்டி ஓடும்.

இந்த மனுசன் ஒருநா சொல்றாரு, "நீ ஆடுறதும் சீட்டுதான் வெள்ளையம்மா"ன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். சீட்டுன்னா என்ன? கவுத்துப் போட்டிருக்கும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. பூவு அப்படியா? கண்ணு முன்னாடி தொங்குது. எண்ணிப் பாக்கலாம், மோந்து பாக்கலாம். அது ஆட்டம், இது கணக்கு. ரெண்டும் ஒண்ணா? நீயே சொல்லு.

போன வருசம் நடந்தத சொல்றேன் கேளு. மதுரை போற வரைக்கும் பேச்சு இருக்கும்.

போன தையில எங்க ஊருக்கு மேக்க ஒரு தோப்பு. பாதிக்கு மேல காசாலட்டு, மிச்சம் கல்லாமை. வக்கீலு ஒருத்தரோடது. தாயி, அப்படி ஒரு பூவ நான் என் ஆயுசுல பாத்ததில்ல. இலையே தெரியல. மரம் பூரா சந்தனத்தப் பூசுன மாதிரி நிக்கிது. வாசத்துல எனக்கு மயக்கமே வந்துருச்சு. தேனீ சத்தம் காத அடைக்குது. நான் ஒவ்வொரு மரமாத் தொட்டுப் பாத்துக்கிட்டே போறேன். ராத்திரி தூக்கம் வரல. வேற எவனாச்சும் வந்து பேசிருவானோன்னு விடியுறதுக்குள்ள போயி தோப்பு வாசல்ல நிக்கிறேன்.

எங்க வீட்டு மனுசன் சொன்னாரு, "ஒரு மாசம் பொறு. வடுப் பிடிக்கட்டும். கொஞ்சம் கூடக் குடுத்தாலும் தப்பில்ல."

"சீட்டாடித் தோத்த ஆளு எனக்குப் புத்தி சொல்றீகளா"ன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தை கையில இருக்கயில எனக்கு வேற ஆயுதமே வேண்டாம். பன்னெண்டு வருசமா அத வச்சுத்தான் நான் குடும்பம் நடத்துறேன்.

பேசி முடிச்சேன். கையில இருந்தது, சங்கத்துல கடன் வாங்குனது, எல்லாத்தையும் குடுத்தேன். குடுத்த ஒரு வாரத்துல பனி இறங்குச்சு. எதுக்க நிக்கிற ஆளு தெரியாத பனி. பூவெல்லாம் கருப்புக் கட்டிப் போச்சு. பின்னாடியே தத்துப்பூச்சி. மருந்து, ஸ்பிரேயர் வாடகை, ஆளுக் கூலி. திரும்பவும் மருந்து. மாசி கடைசில பாத்தா, எதிர்பாத்ததுல மூணுல ஒரு பங்குதான் வடுவா நிக்கிது.

சரி, இதோட போச்சுன்னு விடுறவளா நான்? பக்கத்துத் தோப்பு, ஒரு டீச்சரம்மாவோடது, அதுல வடு நல்லா பிடிச்சிருந்துச்சு. வேலி ஒண்ணுதான். ஒரே காவலு, ஒரே வண்டிச் செலவு. இதையும் சேத்துப் பிடிச்சா அதுல போனத இதுல எடுத்துரலாம்ல? கணக்குப் போட்டுப் பாரு, சரியா வரும். காசுதான் இல்ல. கோகிலா அப்ப மதுரையில நர்சிங் மொத வருசம் படிச்சுக்கிட்டிருந்தா. அடுத்த பீசுக்குன்னு நான் சீட்டுக் கட்டி எடுத்து வச்சிருந்தேன். அய்ய, அந்தச் சீட்டு இல்ல தாயி, மாசாமாசம் கட்டுற சீட்டு. அதைத்தான் எடுத்தேன். எடுத்து என்ன சீலையா எடுத்தேன்? அவளுக்காகத்தான் போட்டேன். வைகாசியில ரெண்டா எடுத்து அவ பீசையும் கட்டி, கழுத்துக்கு ஒரு செயினும் போட்டு விடலாம்னு. வீட்டுல சொல்லல. சொன்னா அந்த மனுசன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்துருவாரு, காரியம் கெட்டுப் போகும்.

பங்குனியில பாரு, எனக்கு நேரம் திரும்புச்சு. ஆந்திராப் பக்கம் காய்ப்பு இல்லையாம், வெல ஏறுது. காயி கையளவு ஆயிருச்சு. டீச்சரம்மா தோப்பு கொத்துக் கொத்தாத் தொங்குது. சிக்கந்தர் பாய் வண்டியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு. நத்தம் சந்தையில பெரிய வியாபாரி. நல்ல மனுசன். ரெண்டு தோப்பையும் சுத்திப் பாத்துட்டு வந்து சொன்னாரு.

"அக்கா, ரெண்டையும் மரத்தோட எனக்கு விட்ரு. நீ போட்ட மொதலு, மருந்துச் செலவு எல்லாம் எடுத்துட்டு, மேல உனக்கு ஒரு நல்ல தொகை நிக்கும். இன்னைக்கே பாதி தர்றேன்."

எங்க வீட்டு மனுசன் அப்பத்தான் எனக்குச் சோத்துப் போசியக் கொண்டாந்து நிக்கிறாரு. காதுல விழுந்துருச்சு. மேக்க ஒருதரம் பாத்தாரு. "குடுத்துரு வெள்ளையம்மா"ன்னாரு. "மேக்க மசங்கலா இருக்கு. குடுத்துட்டு எந்திரி."

"எப்ப எந்திரிக்கணும்னு நீங்க எனக்குச் சொல்றீகளா?"ன்னேன். பாய் முன்னாடிதான். "தோடு போற வரைக்கும் எந்திரிக்கத் தெரியாத ஆளு!"

அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கோவப்படல. போசியக் கீழ வச்சுட்டு, "தெரியாமத்தான் உக்காந்திருந்தேன். அதனாலதான் சொல்றேன்"ன்னாரு.

பாய் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்கு ஒருமாதிரி ஆயிப் போச்சு. அதுக்காக? இன்னும் ஒரு மாசம் இருந்தா காய் முத்தும், எடை கூடும், வெல இன்னும் ஏறும். கையில இருக்கிற லாபத்த அந்தாளு வண்டியில ஏத்தி விட நான் என்ன கிறுக்கியா? "இப்ப இல்ல பாய், சித்திரை கழிச்சு வாங்க"ன்னுட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "சரிக்கா, அல்லா காப்பாத்தட்டும்"னு போயிட்டாரு.

அந்தா, அந்தத் தோப்பப் பாத்தியா? சரியாக் கவாத்துப் பண்ணியிருக்கான். ம். போயிருச்சு. இந்த டிரைவரு ஏன் இப்படிப் பறக்குறான்?

எங்க விட்டேன்? ஆங். சித்திரை. மத்தியானம் நான் தோப்புலதான் இருந்தேன். காத்து மொதல்ல நின்னு போச்சு. ஒரு இலை ஆடல. மேக்க வானம் செவந்து, அப்புறம் புழுதி. அப்புறம் அடிச்சுது பாரு. சுழிக்காத்து. மழைன்னா நாலு துளிதான், எல்லாம் காத்து. காயி விழுகுற சத்தத்தக் கேட்டிருக்கியா நீ? ஒண்ணு விழுந்தா தொப்புன்னு விழும். எல்லாம் சேந்து விழுந்தா கல்லாங்குத்துத் தரையில லாரி கவுந்த மாதிரி இருக்கு. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சிரிக்காத. ஒரு தாழ்ந்த கொப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அந்த ஒரு கொப்பையாச்சும் காப்பாத்திரலாம்னு. மண்டையில, முதுகுல, தோளுல, என் காயே என்னைய அடிக்குது. கொப்பு என்னையும் சேத்துத் தூக்கி ஆட்டுது. விட்டு விலகி ஓடுன்னு காவக்காரன் கத்துறான். நான் விடல. கடைசில கொப்பு முறிஞ்சு எம்மேலயே விழுந்துச்சு.

நின்னதுக்கு அப்புறம் பாத்தா தரை தெரியல. பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி காயி. அடிபட்ட காய எவன் வாங்குவான்? ஊருல எல்லாத் தோப்புலயும் விழுந்திருக்கு. ஊறுகாக் கம்பெனி ஆளு வந்தான், மூடைக்கு அவன் சொன்ன வெலையக் கேட்டு நான் காறித் துப்பினேன். ஏத்துக்கூலிக்குக் காணாது தாயி.

நான் காவக் குடிசையில போயிப் படுத்தவதான். எந்திரிக்கல. மறுநாக் காலையில சத்தம் கேக்குது. எங்க வீட்டு மனுசன் மில்லுக்கு லீவு சொல்லிட்டு, ஊருல இருக்கிற அருவாமனையெல்லாம் எரவல் வாங்கிக்கிட்டு வந்திருக்காரு. உப்பு மூடை வேற. கோகிலா கூட நிக்கிறா. அவ எங்க இங்கன்னு பாத்தா, பீஸ் கட்டலன்னு காலேஜுல வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். அப்பத்தான் அந்தச் சீட்டுக்காசு விசயம் வெளிய வந்துச்சு. அவரு எம்முகத்தப் பாத்தாரு. நான் அவரு முகத்தப் பாத்தேன்.

இப்பத் திட்டப் போறாரு, இப்பத் திட்டப் போறாருன்னு நான் காத்துக்கிட்டே இருக்கேன். அடிச்சாக்கூட வாங்கிக்கிருவேன். பன்னெண்டு வருசத்துக்கும் சேத்து அவருக்கு வாய்ப்பு. ஊரக் கூட்டலாம், தெருவுல உக்காரலாம், என்னையும் கருப்பன்கிட்ட இழுத்துக்கிட்டுப் போகலாம்.

"எந்திரி. வெயிலு ஏறுறதுக்குள்ள அறுத்துப் போடணும்"ன்னாரு. அவ்வளவுதான்.

"வத்தலு வித்து குத்தகைக்காசு அடைஞ்சுருமாக்கும்?"

"அது அடையாது. பிள்ளை பீசுல பாதியாச்சும் அடையும்."

அறுத்தோம். அவரு, நானு, கோகிலா, கூட ரெண்டு பொம்பளைக. உப்புப் போட்டு, பாறையில காயப் போட்டு, திருப்பி, மூடி, திரும்பக் காயப் போட்டு. கோகிலா கையெல்லாம் மாங்காப்பால் பட்டு வெந்து போச்சு. ஊசி போடுற கையி. அவரு ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, மெஸ்ஸுக்கு, கல்யாணச் சமையலுக்கு, கீழமாசி வீதி மளிகைக்குன்னு அந்த வத்தல வித்தாரு. எனக்கு மானமே போச்சு. தோப்பு தோப்பாப் பேசுன வெள்ளையம்மா புருசன் வத்தப் பையத் தூக்கிக்கிட்டுத் திரியுறாரு! ஆனா வித்துருச்சு. என்னமோ அது ருசி நல்லாருக்குன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. பாதி பீச அதுல கட்டி, ஆடி மாசம் பிள்ளைய காலேஜுக்கு அனுப்பிட்டாரு. மிச்சப் பாதிக்கும் இப்பச் சேத்துட்டாரு. சங்கத்துக் கடன் இன்னும் நிக்கிது. அது நான் பாத்துக்கிருவேன்.

இவ்வளவும் நடந்துச்சே, ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை? சொல்லல தாயி. அந்த மனுசன் திட்டியிருந்தா சரிக்குச் சரியாப் போயிருக்கும். திட்டாமயே என்னையக் கடனாளியாக்கி வச்சிருக்காரு. இப்ப நான் ஏதாச்சும் சொல்லலாம்னு வாயத் தெறந்தா, பழைய வார்த்தை வரமாட்டேங்குது. நாக்கு வரைக்கும் வருது, திரும்பி உள்ள போயிருது.

அதுகூடப் பரவாயில்ல. நேத்து என் மக போனு பண்ணுனா. "அம்மா, நாளைக்கு பீஸ் கட்டக் கடைசி நாளு. அப்பாவையும் கூட்டிக்கிட்டு வா"ன்னா. "எதுக்குடி, எனக்கு வழி தெரியாதா"ன்னேன். அப்புறம் மெதுவாச் சொல்றா, "இல்லம்மா. காசு அப்பா கையில இருக்கட்டும்."

என் காது கேட்டுச்சு அத. தோடு போன காது. சீட்டாடுன ஆளுகிட்டக் காசு இருக்கட்டுமாம். யாரு வளத்தா அவள? யாரு அந்தப் பிள்ளைக்காக வெயிலு பனின்னு பாக்காம தோப்புத் தோப்பா அலைஞ்சது? நான் அழுகல. அழுதா கண்ணு மங்கும், மரம் பாக்க முடியாது.

அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின் சீட்டுல, காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு இடுப்புல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு, அவருதான். கைய எடுக்கவே மாட்டேங்குறாரு. தூங்குனாலும் கை அங்கதான். ஆளு தூங்குறாருன்னுதான் நினைக்கிறேன். தலை ஆடுது.

வந்துருச்சா? என்ன ஊரு இது? ஆளு ஏறுது. ஏ தாயி... ஏ தாயி, அங்க பாரு. அந்தக் கெணத்துக்கு அங்கிட்டு. பாத்தியா? எலை தெரியுதா உனக்கு? எனக்குத் தெரியல. இமாம்பசந்தா இருக்கும் போல. ஒரு மரங்கூட விடாம பூத்திருக்கே! இந்த வருசம் பனியும் இல்ல, பாத்துக்க. வானம் துடைச்சு விட்டாப்புல கிடக்கு. காவக்காரன்கூட நிக்கல. இன்னும் எவனும் பேசல போல இருக்கே.

இல்ல, சும்மா பாத்துட்டு வந்துருவேன். என்ன வெல சொல்றான்னு கேட்டா என்ன குத்தம்? கையிலயா? கையில பஸ்ஸுக்குத்தான் இருக்கு, காசெல்லாம் அவருகிட்டல்ல இருக்கு. வெல கேக்குறதுக்குக் காசு எதுக்கு?

இந்தா, இந்தத் தூக்குவாளியப் பிடி. அயிரைமீன் கொழம்பு, சிந்தாமப் பிடி. பிள்ளைக்கு. மாட்டுத்தாவணியில இறங்குறப்ப அவருகிட்டக் குடுத்துரு. பீஸக் கட்டிட்டு, பிள்ளையப் பாத்துட்டு அவரு வரட்டும். இப்ப எழுப்பாத. வயித்து வலின்னு நான் வீட்டுக்குத் திரும்பிட்டேன்னு சொல்லிரு. இல்ல, வேண்டாம், அப்படிச் சொல்லாத. நம்ப மாட்டாரு. பூப் பாக்க இறங்கிட்டான்னே சொல்லிரு.

ஏ கண்டக்டர் தம்பி, இருப்பா, இருப்பா! விசிலடிச்சிறாத. ஒரு காலு இன்னும் படியிலதான் இருக்கு.